தவளை வகை, நாலு சக்கரம்

ஏலாக்கரை பேரூராட்சியில் எனக்கு
பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிற வேலை.
கரையான் விட்டுவைத்ததை ஏற்றினால் போதும்
என்றிருக்கிறார் செயல் அலுவலர்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்பது,
இடவம் பதினாறு, தீர்மானம் ஏழு:
இரவு ஒன்பதுக்குமேல் சீவன்கள் ஒச்சை வைக்கலாகாது.
கழுதை, முன்கூட்டி மனு கொடுத்தால் கத்தலாம்.
சேவல், கிழக்கு வெளுக்குமுன் கூவினால் குற்றம்.
பெரிய வெள்ளிக்கு மட்டும் விலக்கு;
அன்றைக்கு அது பேதுருவுக்காகக் கூவுகிறது
என்று உபதேசியார் வாதாடியிருக்கிறார்.
தவளைக்கு விலக்கில்லை.
அபராதம், உடையவர் வசம், நாலு சக்கரம்.

தவளைக்கு யார் உடையவர்?
குளத்தில் கிடப்பது குளத்துக்காரனுக்கு.
குளம் பஞ்சாயத்துக்கு.
ஆகவே பஞ்சாயத்து
தனக்குத் தானே நோட்டீஸ் எழுதி
தானே கைப்பற்றி, தானே வருந்தி,
மழை பெய்த ஒவ்வொரு இரவுக்கும்
இடது பெட்டியிலிருந்து வலது பெட்டிக்கு
நாலு சக்கரம் மாற்றியிருக்கிறது.
வரவுக்கும் செலவுக்கும் ஒரே மை.

தணிக்கைக்காரர் ஓரத்தில் பென்சிலால் கேட்கிறார்:
கத்தியதற்குச் சாட்சி?

அப்படித்தான் ஞானாபரணம் நியமனமாகிறார்.
ஒச்சை கேட்பவர், மாதம் மூன்று ரூபாய்.
மற்ற காது பாறைவெடியில் போயிருந்தது;
ஒரு காது போதும் என்று குறிப்பு.

அவர் எழுத்து எனக்குப் பிடித்துப்போயிற்று.
‘ராத்திரி பதினொண்ணேகால். தெற்குக் கரை. ஒருத்தர்.
பிறகு எல்லாரும்.’
‘இன்று இல்லை. சாரைப்பாம்பைக் கண்டேன்.’
‘மழை பலம். எது தவளை எது மழை என்று திட்டமில்லை.
பாதி எழுதவும்.’
பாதி எழுதியிருக்கிறார்கள். இரண்டு சக்கரம்.

இந்தச் சட்டம் எதற்கு என்று கேட்டால்
ஊரில் ஆளுக்கொரு வாய்.
பத்மநாபபுரம் போகிற வழியில் ஒரு தம்புராட்டி
இங்கே உறக்கமில்லாமல் கிடந்தாளாம்.
அதெல்லாம் இல்லை, குளத்தில் போன பெண்ணின் பெயரை
தவளைகள் பிசகாமல் சொல்லத் தொடங்கினவாம்;
என்ன பெயர் என்றால்
சொல்ல வந்தவருக்கு இருமல் வந்துவிடுகிறது.
சந்தையில் மரச்சீனி விற்கும் எப்சிபாய்க்கு
சந்தேகமே கிடையாது:
‘பிரசிடெண்டுக்கு மூலம். இருந்தாலும் எரியும், கிடந்தாலும் எரியும்.
பழி தவளைக்கு.’

யாரும் சட்டத்தை ரத்து செய்யவில்லை.
மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.
மஸ்கட்டிலிருந்து திரும்பிய டென்னிசன்
தகவல் உரிமையில் அதைத் தோண்டி எடுத்து
பக்கத்து வீட்டுக் கினிக்கோழிகள்மேல் மனு போட்டார்.
பதினோரு கோழிகள். ஆதாரம் பென்டிரைவில்.

நோட்டீசோடு போனேன்.
றோஸ்பாய் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள்.
முருங்கைக் கொம்பில் வரிசையாக உட்கார்ந்து
பிரதிவாதிகள் என்னை ஏசினார்கள்.
கண்ணாடி போட்டு, இரண்டு முறை வாசித்துவிட்டுக் கேட்டாள்:
‘நாலு சக்கரம் எண்ணா? எங்க வீட்டுல ஆட்டோதான் உண்டு பிள்ளே.
மூணு தாறேன்.
மிச்சம் ஒண்ணுக்கு நான் எங்க போவேன்?’

பழைய குமாஸ்தா யாரோ
நாலு சக்கரம் என்றால் பதினாலு பைசா
என்று சிவப்பில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.
பதினாலு பைசா வாங்க ரசீதில் கட்டமில்லை.
கொடுக்க நாட்டில் காசில்லை.
சட்டம் அப்படியே இருக்கிறது,
நாணயம்தான் போய்விட்டது.
கோப்பை நிலுவையில் போட்டேன்.
டென்னிசன் தினமும் போன் செய்கிறார்;
பின்னால் கினிக்கோழிகளும் பேசுகின்றன.

நேற்று இடவப்பாதி தொடங்கியது.
வரிக்கணக்கு முடித்துக் கதவைப் பூட்டும்போது
அலுவலகத்துக்குப் பின்னால் அந்தக் குளத்தில்,
பாதி ஆகாயத்தாமரை, பாதி பிளாஸ்டிக்,
தெற்குக் கரையில் ஒருவர்.

சாவியைத் திருப்பாமல் நின்றேன்.

பிறகு எல்லாரும்.

மணி பார்த்தேன். எட்டே முக்கால்.
இன்னும் கால் மணிக்கூர் குற்றமில்லை.